சாமியறைப் பல்ப்பின் கணக்கு

வெள்ளவத்தை,
1943 ஆடி.

இல்லை அண்ணா, மாமியோடு சண்டை ஒன்றும் இல்லை. கணக்கில் மட்டும்தான் வேற்றுமை.

முதலில் வழக்கமானவை. நான் சுகம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது ‘இறைவன் அருளால்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயம். வீட்டுக்கார சரோஜினிதேவி மாமி கறண்ட் பில்லோடு என் அறை வாசலில் வந்து நின்றார். “பிள்ளை, உன்ர லைற் என்ர வீட்டைத் திண்டு முடிக்கப்போகுது. எட்டு மணிக்கு நிப்பாட்டு. ஏலாதெண்டால் வேற இடம் பார்.” இறுதிப் பரீட்சைக்கு ஆறு வாரம். பகலில் விரிவுரை. படிப்பு விளக்கடியில்தான்.

ஆகவே கணக்கிட்டேன். வாட்ஸை எரியும் மணியால் பெருக்க வேண்டும். ஆயிரம் சேர்ந்தால் ஒரு யூனிட். என் விளக்கு நாற்பது வாட்ஸ், நாலு மணி நேரம்: நூற்றறுபது. சாமியறையில் முருகன் படத்துக்கு மேலே ஒரு சிவப்புப் பல்ப். யுத்தத்தில் நல்லெண்ணெய் கிடைக்காததால் எண்ணெய் விளக்குக்குப் பதிலாகப் போட்டது. பதினைந்து வாட்ஸ்தான், ஆனால் அணைவதே இல்லை: முந்நூற்றறுபது. சின்ன வெளிச்சத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. முருகன் என்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் செலவழிக்கிறார். அவருக்குப் பரீட்சையும் இல்லை.

என் ஸ்திரிக்கைப்பெட்டி ஐந்நூறு வாட்ஸ், காலையில் அரை மணி. அதை நான் சேர்க்கவில்லை. சேலை கசங்கியிருந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அது வேறு துறை.

பின்னேரம் கணக்கை மாமியிடம் காட்டுவேன். ஒத்துக்கொள்ளாவிட்டால், ஞாயிறு வந்து என்னை வேறு வீட்டில் சேர்த்துவிடுங்கள். பெரியவர்களுக்கு வணக்கம். மச்சாளுக்கும் குழந்தைக்கும் அன்பு.

தங்கை,
இராசமலர்.

பி.கு. மறுநாள் எழுதுகிறேன். காட்டினேன். மாமி கண்ணாடி போட்டு வரிவரியாகப் பார்த்தார்.

“கணக்குச் சரி பிள்ளை. பேர்தான் பிழை.”

“என்ன பேர் மாமி?”

“முருகன் எண்டு எழுதியிருக்கிறாய். அது முருகன்ர லைற் இல்லை. சிங்கப்பூர் யப்பான்காரனிட்டை விழுந்த அண்டைக்கு சுந்தரலிங்கத்துக்கெண்டு போட்டனான்.”

சுந்தரலிங்கம் அவர் மகன். மலாயாவில் கிளாக்கர். ஒன்றரை வருஷமாகக் கடிதம் இல்லை.

“அவன் வந்து நிப்பாட்டட்டும்,” என்றார். “நான் நிப்பாட்டமாட்டன்.”

முருகன் என்ற பேரை வெட்டிவிட்டு மறுபடி கணக்கிட்டேன். ஸ்திரிக்கைப்பெட்டி இருநூற்றைம்பது. அதை நிறுத்தினால் என் விளக்குக்குப் போக மிச்சமும் உண்டு. மாமி கூட்டிப் பார்த்துவிட்டு, “ஓம்,” என்றார்.

ஞாயிறு வர வேண்டாம். இன்று காலை கசங்கிய சேலையோடு விரிவுரைக்குப் போனேன்.