சுங்குவார்சத்திரத்தில் இறங்கிப்போன மாப்பிள்ளைக்கு

குமரக்கோட்டத்து முருகன் துணை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
வெள்ளிக்கிழமை, காலை டிபனுக்குப் பிறகு.

ஆந்திராவில் தர்மாவரத்தில் கோபமாகக் குடியிருக்கும் என் தங்கை வீட்டுக்காரர் மாப்பிள்ளை முத்துக்குமார் அவர்கள் சமூகத்துக்கு, மச்சான் கலியாணசுந்தரம் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் சம்சாரம் ரேவதி, தறி இரண்டு, முட்டிவலி ஒன்று, எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் கோபமும் அதேபோல சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னையும் உங்கள் மகளையும் போனில் பிளாக் பண்ணி வைத்திருப்பதால் தபாலில் வருகிறேன். தபாலை பிளாக் பண்ண இன்னும் பட்டன் வரவில்லை. மூன்றாம் வகுப்பை இரண்டு வருடம் ஊன்றிப் படித்தவன் நான். நீங்களோ ஐந்தாவது பாஸானவர். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளவும்.

முதலில் துக்கச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நீங்கள் இறந்துவிட்டீர்கள்.

பதற வேண்டாம். சினிமாவில்தான். உங்கள் மகள் மஹாலட்சுமி ஓடி ஜெயித்த கதையையும், ஷூ கம்பெனிக்காரர்கள் அவளோடு ஒப்பந்தம் போட்ட கதையையும் படமாக எடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அவர்கள் அனுப்பிய காகிதத்தை மூன்று முறையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பினீர்கள். அதில் பெரிதாக ஒன்றுமில்லை, ‘என்னைப் படத்தில் காட்டலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். கையெழுத்து இல்லாமல் அப்பாவைக் காட்டினால் கேஸ் வரும் என்று அவர்கள் வக்கீல் பயமுறுத்தியிருக்கிறார். டைரக்டர் விஷால் என்று ஒரு பிள்ளை, முப்பது வயதுதான் இருக்கும், தாடி மட்டும் அறுபது வயதுக்கு. அவர் என் தறி மேடையில் வந்து உட்கார்ந்து, “அங்கிள், அப்பா கேரக்டரை ஓப்பனிங்லயே முடிச்சிட்றோம். சிம்பிளா ஒரு டெத். போட்டோவுக்கு மாலை, அம்மா அழறாங்க, கட் பண்ணா பொண்ணு ஓடறா” என்றார். “அவரு தர்மாவரத்துல குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கினு இருக்கறாருப்பா” என்றேன். “இருக்கட்டும் அங்கிள், அது அவரோட பர்சனல்” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

சாவு என்றால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டுமே. அதை நம் பேனர் கடை பரசுராமனிடம் கொடுத்தார்கள். “பொண்ணோட அப்பா பேரைப் போட்டு நாலு அடிச்சிடுங்க” என்று சினிமாக்காரர்கள் சொல்ல, அவர்கள் கதைக்கு வைத்திருந்த பேரைச் சொல்ல மறந்துபோக, இவன் தனக்குத் தெரிந்த பேரைப் போட்டு, மஹாலட்சுமிக்கு ஊரில் வரவேற்பு கொடுத்தபோது எடுத்த படத்திலிருந்து உங்களை மட்டும் வெட்டி ஒட்டி, நாலுக்கு நாற்பதாக அடித்து ஓரிக்கை வரைக்கும் ஒட்டிவிட்டான். படத்தில் நீங்கள் பல் தெரியச் சிரிக்கிறீர்கள். நான் பார்த்த வரையில் இவ்வளவு சந்தோஷமாகச் செத்துப்போன ஆள் இந்த ஊரில் கிடையாது.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. தெருவில் சாவு விழுந்தால் எடுக்கிற வரைக்கும் தறி ஓட்டுவதில்லை என்பது நம் வழக்கம். அன்றைக்குக் காலை எட்டு மணிக்கெல்லாம் நம் தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. ஒன்பது மணிக்கு அடுத்த தெருவும் நின்றது. நீங்கள் ஒரு காலத்தில் நெசவாளர் சங்கத்தில் டைரக்டராக இருந்த புண்ணியத்துக்கு, சங்கத்திலும் அரை நாள் லீவு விட்டார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு டீ வாங்கிக் கொடுக்காதவன் எல்லாம் ரோஜா மாலையோடு நிற்கிறான். நான் வீடு வீடாகப் போய், “சாகலப்பா, சினிமாவுக்குத்தான் சாவடிச்சிருக்குது” என்று சொன்னால், துக்கம் தாங்காமல் உளறுகிறேன் என்று என்னைப் பிடித்து உட்காரவைத்து சோடா கொடுக்கிறார்கள். மூன்று சோடா குடித்தேன். திருப்புட்குழியிலிருந்து உங்கள் பெரியம்மா அன்னம்மாள், ஷேர் ஆட்டோவில் தெருமுனையிலிருந்தே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்து, வாசலில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த இந்திராணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

“என்னாத்துக்கு அத்தை அழுவுறீங்க? இப்பதான் போன்ல, கொழம்புக்கு எத்தினி புளி போடறதுன்னு கேட்டாரு” என்றது உங்கள் சம்சாரம்.

“பாவி மவளே, அதிர்ச்சியில புத்தி பெரண்டு போச்சுடி உனக்கு” என்று அந்த அம்மா இன்னும் ஒரு சுதி ஏற்றிவிட்டு, அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, “டேய் கலியாணம், தாலியறுத்த கூடப்பொறந்தவளுக்குப் போத்த பொறந்த வீட்டுக் கோடிப் பொடவை எங்கடா?” என்றார்கள். விடுவதாக இல்லை. தறியில் அறுத்து வைத்திருந்த புடவை ஒன்றைப் பேச்சுக்குக் கையில் எடுத்தேன். இந்திராணி அரிவாள்மணையை விட்டு எழுந்தது. “ண்ணா, அந்தப் பொடவைய மட்டும் என் மேல போட்டுப் பாரு, நாளைக்குப் பரசுராமன் உன் போட்டோவ ஒட்டுவான்” என்றது. புடவை மடித்தபடி உள்ளே போய்விட்டது. இத்தனையையும் விஷால் ஒரு மூலையில் நின்று கேமராவில் பிடித்துக்கொண்டு, “ரொம்ப நேச்சுரல் அங்கிள்” என்றார். உண்மை தெரிந்த பிறகும் அன்னம்மாள் பெரியம்மா உடனே கிளம்பவில்லை. ஆட்டோ ஏறி வந்ததுக்கு நியாயம் வேண்டாமா. சினிமாக்காரர்கள் போட்ட வடை ஆறு சாப்பிட்டுவிட்டு, “இருந்தாலும் நல்ல மனுசன்” என்று உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். வந்த மாலைகளைச் சாமிக்குப் போட முடியாது என்பதால் மாட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டபடியால், படத்தில் உங்கள் வேலை எல்லாம் இப்போது என் தலையில். மாமன் வேஷத்துக்கு ஆள் தேடி அலையாமல் விஷால் என்னையே போட்டுவிட்டார். புதன்கிழமை செவிலிமேட்டில், பாலாற்று மணலில் ஷூட்டிங். மஹாலட்சுமியாக நடிக்கிற பெண் மணலில் ஓட, நான் கரையோரமாக சைக்கிளில், ஒரு கையில் வாட்சைப் பார்த்துக்கொண்டு, கூடவே போக வேண்டும். ஏழு வருடம் நீங்கள் விடியற்காலையில் செய்த வேலை. எனக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். வாட்சைப் பார்த்தால் சைக்கிள் தெரியவில்லை, சைக்கிளைப் பார்த்தால் ஆறு தெரியவில்லை. மூன்று முறை மணலில் கவிழ்ந்தேன். சொல்லிக்கொடுக்க வந்திருந்த மஹாலட்சுமிதான் ஓடிவந்து தூக்கிவிட்டாள். மணலைத் தட்டிக்கொண்டே, “அப்பா உழாம வருவாரு மாமா” என்றாள். சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆற்றில் தண்ணீர்கூட இல்லை, அப்படி என்னத்தைப் பார்த்தாளோ.

நேற்று வியாழக்கிழமை, தட்டுக் காட்சி. நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், இருந்தாலும் இறந்தவர் என்பதால் ஞாபகப்படுத்துகிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் சென்னையில் அந்தப் பெரிய ஓட்டலில், ஒப்பந்தம் போடுகிற அன்றைக்கு, மேடையில் உங்கள் முன்னால் ஒரு வெள்ளித்தட்டை நீட்டினார்கள். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு சீப்பு பழம், நடுவில் ஒரு ஜோடி ஷூ. நீங்கள் தட்டைப் பார்த்தீர்கள். “குங்குமத்து மேல செருப்பா?” என்று கேட்டீர்கள். அடுத்தது தட்டு மேலே போனது. ஷூ ஒன்று கம்பெனி மேனேஜர் மூக்கில், இன்னொன்று பழரசத்தில். ஊர் முழுக்கப் போனில் அதைப் பார்த்தார்கள். கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பார்த்தால், அந்தப் பறக்கிற ஷூவையே விளம்பரமாகப் போட்டு, ஒப்பந்தத்தையும் அடுத்த வாரமே போட்டுக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்குத் திரும்பி வரும்போது காரில் மஹாலட்சுமி, “ஏம்ப்பா இப்படி அசிங்கம் பண்ணீங்க?” என்று கேட்டாள். நீங்கள், “சாமி சாமான் மேல செருப்ப வெக்க ஒத்துக்கினது நீதானே” என்றீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். சுங்குவார்சத்திரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினீர்கள். ஒதுங்கத்தான் போகிறீர்கள் என்று அரை மணி நேரம் காத்திருந்தோம். நான் வேர்க்கடலைகூட வாங்கி வைத்திருந்தேன். நீங்கள் தர்மாவரம் போய்விட்டீர்கள்.

இப்போது அந்தத் தட்டை நான் தள்ள வேண்டும். விஷால் “ஆக்‌ஷன்” என்கிறார், எனக்குக் கை எழவில்லை. ஒன்பது டேக். லைட்காரர்கள் கொட்டாவி விடுகிறார்கள். “என்ன அங்கிள், ஒரு தட்டு, தள்ளணும், அவ்ளோதானே?” என்கிறார். பத்தாவது டேக்கில் நான் பாட்டுக்கு, “இத வெச்சதே நான்தாம்பா, நானே எப்படித் தள்றது?” என்று சொல்லிவிட்டேன். மைக்கில் எல்லாம் பதிவாகிவிட்டது. அங்கேயே நின்றுகொண்டிருந்த இந்திராணிக்கும் கேட்டுவிட்டது.

ஆமாம் மாப்பிள்ளை. தட்டு என் யோசனை. அன்றைக்குக் கம்பெனிப் பையன் என்னிடம் வந்து, “சார், உங்க ஊர்ல மரியாதையா எப்படிக் குடுப்பீங்க?” என்று கேட்டான். நான் தாய்மாமன். அவளுக்குச் சடங்குக்கு இருபத்தொரு தட்டு சீர் வைத்தவன். அது கல்யாணத் தேதியா ஷூ தேதியா என்று யோசிக்கவே இல்லை, கை தானாக வேலை செய்துவிட்டது. வெற்றிலை வாங்கியது நான், குங்குமம் வைத்தது நான், ஷூவைத் துடைத்து நடுவில் நிமிர்த்தி வைத்ததும் நான். அழகாக இருக்கிறதென்று போட்டோ வேறு எடுத்துக்கொண்டேன். தட்டு பறந்த பிறகு மஹாலட்சுமியை ஓரமாகக் கூப்பிட்டு, “உங்கப்பன் கிட்ட சொல்லிடாத கண்ணு, ஜென்மத்துக்கும் என்னோட பேச மாட்டாரு” என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். அந்தப் பிள்ளை எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி எட்டு மாதமாக அவளுடைய அப்பாவை இழந்துவிட்டு நிற்கிறது. நான் இரண்டு தறியும் முட்டிவலியுமாக சௌக்கியமாக இருக்கிறேன். ஊரில் எல்லோரையும் கிண்டல் பண்ணுகிற வாய்க்கு, இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எட்டு மாதமும் பத்து டேக்கும் ஆகியிருக்கிறது.

நீங்களும் லேசுப்பட்டவர் இல்லை. தினம் இந்திராணிக்குப் போன் பண்ணி, புளி, பருப்பு எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில், “அது காலையில எத்தினி மணிக்கு ஓடப்போச்சு?” என்று கேட்டு, “நான் கேட்டன்னு சொல்லாத” என்று வைத்துவிடுகிறீர்களாம். நேற்று அதைச் சொல்லித்தான் என்னைத் திட்டியது உங்கள் சம்சாரம். திட்டினதை இங்கே எழுத இடமில்லை, சங்கத்து நோட்டீஸ் அளவுக்கு இருந்தது.

ஆகையால் மாப்பிள்ளை, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் புறப்பட்டு வந்து அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் உயிர் வரும், சைக்கிளும் வரும், தட்டும் உங்களுக்கே வரும். வராவிட்டால் படம் வெளிவரும்போது உலகத்துக்கு அந்தத் தட்டைத் தள்ளிய ரோஷக்காரன் கலியாணசுந்தரம் என்றுதான் இருக்கும். பிறகு என்னிடம் வருத்தப்படக் கூடாது. என்னைத் திட்டுவதாக இருந்தாலும் நேரில் வந்து திட்டவும். இந்திராணி விட்டுவைத்த வார்த்தை ஒன்றிரண்டு பாக்கி இருக்கும்.

குமரக்கோட்டத்தான் உங்களுக்கு நீண்ட ஆயுளும், குறைந்த கோபமும், சரியாகக் கரைத்த புளியும் தரட்டும். ரேவதி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். தறிகள் விசாரித்தன.

இப்படிக்கு,
தட்டு வைத்த மச்சான்
கலியாணசுந்தரம்

பின் குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். உறைமேல் விலாசம் எழுத மஹாலட்சுமியிடம் கொடுத்தேன். அவள் விலாசத்தை விட்டுவிட்டுக் கடிதத்தைப் படித்துவிட்டாள். “தபால்ல போட்டா என்னிக்கு மாமா போய்ச் சேரும்?” என்றாள். நாலு நாள் என்றேன். “நான் நாளைக்கே போய்ச் சேந்துடுவேன்” என்றாள். அப்படியே விஷாலுக்குப் போன் போட்டு, “எங்கப்பா உசுரோட இருந்தாத்தான் படம். இல்லன்னா வேற யாராவது ஓடறாங்களா பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டாள். அவர், “ஓகே, டெத் கட்” என்றாராம். ஆகவே நீங்கள் இறக்கவில்லை. வடைதான் வீண். நீங்கள் புறப்பட்டு வரவும் வேண்டாம், காகிதம் அவள் பையில் இருக்கிறது, போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். இந்த உறையில் தபால் தலை இல்லையே, பார்த்தீர்களா? கொடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் வெடுக்கென்று வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பியிருப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா. இத்தனை பக்கம் நீங்கள் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கிற வரைக்கும் பிள்ளை வாசலில் நிற்கிறது. ஷூவை வெளியிலேயே கழற்றிவிட்டுத்தான் நிற்பாள். பிரயாணம் பண்ணி வந்த பிள்ளை, முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். செம்பில் கொடுத்தால் போதும், தட்டில் வைக்க வேண்டாம்.