ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி

கிராமபோன் ஊசி இசைத்தட்டைத் தேய்க்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது தவறு. இந்தத் தவறினால் இதுவரை எந்தப் போரும் மூண்டதில்லை; மூண்டிருந்தால் நியாயமாக இருந்திருக்கும் என்பது அச்சகத்தில் புரூப் திருத்தும் நம்மவரின் கருத்து. நல்ல எஃகு ஊசி தட்டைத் தேய்ப்பதில்லை. தட்டுதான் ஊசியைத் தேய்க்கிறது. பாட்டு முடிவதற்குள் ஊசி தன் உயிரை விட்டுவிடும். செத்த ஊசியை எழுப்பி இரண்டாம் முறை ஓட்டினால், தேய்ந்த முனை உளியாக மாறித் தட்டை உழுதுவிடும். ஆகவே, ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி.

இந்தச் சட்டத்தை அவர் வீட்டில் பிறப்பித்தபோது மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஊசி தீர்ந்துபோச்சுன்னா?"

"நல்ல ஊசி கிடைக்கிற வரைக்கும் பாட்டுப்பெட்டியைத் தொடக்கூடாது."

ஊசி தீர்ந்துபோயிற்று. நல்ல ஊசி கிடைக்கவில்லை. பெட்டி மூடிக்கிடந்தது. மேலே ஒரு துணி விரித்து அதன்மேல் அகராதியை வைத்தார். அகராதி கனமானது. ஆனாலும் அடியிலிருந்து அந்தப் பாட்டு அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

ஒரே ஒரு பாட்டுதான். வீட்டில் தட்டுகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. அவருக்கு வேண்டியது ஒன்று. வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் ஒரு பெண், போனவர் இன்னும் வரவில்லையே என்று பாடுவாள். அச்சகத்தில் சேர்ந்த புதிதில், ஒரு கணக்கு ஆசிரியரின் வீட்டுக்கு அவருடைய புத்தகத்தின் புரூப்பைக் கொண்டுபோனபோது அதை முதன்முதலாகக் கேட்டார். ஆசிரியரின் மகள் பெட்டிக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் ஊசியை மாற்றினாள். அந்த இரண்டு விரல்களைப் பார்த்த கண்ணோடு அவர் திருத்திய பக்கங்களில் முக்கோணங்களுக்கெல்லாம் நான்கு பக்கம் அமைந்துவிட்டது. பிறகு அந்த மகளையே கல்யாணம் செய்துகொண்டார். பெட்டியும் தட்டும் ஆசிரியர் காலத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தன. அந்த விரல்கள் இப்போதும் பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தன. பாட்டுதான் இல்லை.

ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் ஊசி தேடப் போனார். பழைய சாமான் கடைகளில் ஊசிக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்று தகரம் மாதிரி வளையும். இன்னொன்றின் முனையில் பிசிறு இருக்கும். ஒவ்வோர் ஊசியையும் புரூப் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துத்தான் சோதிப்பார். எழுத்துப்பிழையைப் பிடிப்பதுபோல் முனைப்பிழையைப் பிடிப்பார். போன மாதம் ஒரு கடைக்காரர் ஆசைகாட்டினார்.

"சார், இது ஒண்ணு வாங்கினா பத்துப் பாட்டுக்குத் தாங்கும்!"

"தாங்கக் கூடாதுய்யா! ஒரு பாட்டோட சாகணும்!"

அந்தக் கடைக்காரர் அதன்பிறகு அவரைக் கண்டால் பின்கட்டுக்குப் போய்விடுகிறார்.

மனைவியோ தேடலுக்குப் பேராதரவு. முன்பு தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள்; யாரிடம் என்ன இருக்கிறது என்பது விரல்நுனியில் இருந்தது. வாராவாரம் ஒரு துப்பு கொடுப்பாள். வினோதம் என்னவென்றால், ஒவ்வொரு துப்பும் முந்தையதைவிடத் தூரமாக இருந்தது. முதலில் அடுத்த தெரு. பிறகு சந்தைக்கு அந்தப் பக்கம். பிறகு பஸ் மாறிப் போகிற இடம்.

"ஆத்துப்பாலம் தாண்டினா ஒரு கடிகாரக் கடை இருக்காம். அவர்கிட்ட பழைய டப்பா இருக்கறதாச் சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"சொன்னாங்க. நடந்தே போங்க, பஸ்ல கூட்டமா இருக்கும். அவசரப்படாம எல்லாத்தையும் பாத்துட்டு வாங்க."

இப்படி ஒரு மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நெகிழ்ந்தபடியே அந்தச் சனிக்கிழமையும் கிளம்பினார். பாதி வழியில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். பூதக்கண்ணாடியை மறந்துவிட்டார். கண்ணாடி இல்லாமல் ஊசி வாங்குவதும் கைரேகைக்காரன் கண்ணைக் கட்டிக்கொண்டு கை பார்ப்பதும் ஒன்று. திரும்பினார்.

மாடிப்படியில் பாதி ஏறும்போது கால் நின்றுவிட்டது.

அவர் வீட்டிலிருந்து அந்தப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். போனவர் இன்னும் வரவில்லையே.

கரகரப்பு இல்லை. சீறல் இல்லை. மூச்செடுப்பதுகூடக் கேட்டது. 'அடடா, என்ன ஊசி!' என்றுதான் முதலில் நினைத்தார். 'அடிப்பாவி!' என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. மூன்றாவதாக எதுவும் வரவில்லை. படித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்துகொண்டார். மேலே போனால் பாட்டு நின்றுவிடும். கீழே போனால் கேட்காது. போனவர் நடுவில் நின்றார்.

பாட்டு முடிந்தது. எதிர்வீட்டு அக்காவின் குரல் கேட்டது.

"இன்னொரு தடவை போடேன், அதையே."

"இருங்கக்கா, ஊசியை மாத்திக்கறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. மாத்தாம ஓட்டினது அவருக்குத் தெரிஞ்சா உசுரு போயிடும்."

படியில் நின்றவருக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்படுவதா கூடாதா என்று தெரியவில்லை.

"அவ்வளவு ஊசி உனக்கு எங்கேர்ந்து கிடைச்சுது?"

"கேட்டேன், குடுத்தாங்க. அவர் தேடுவாரே தவிர யாரையும் கேக்கமாட்டாரு. நான் உக்காந்த இடத்துலேர்ந்து நாலு பேருக்கு போன் போட்டேன். ஒருத்தர் டிராயர் நிறைய வெச்சிருந்தாரு."

"அவர்கிட்ட சொல்லிடும்மா. பாவம், வெயில்ல அலையறாரு."

"சொல்லலாம்க்கா. சொன்னா பக்கத்துல வந்து உக்காந்துப்பாரே! பாட்டு மூணு நிமிஷம், முன்னுரை முக்கால் மணி. எஃகு எப்படிக் காய்ச்சறாங்கன்னு ஆரம்பிச்சா அந்தப் பொண்ணு வாய் திறக்கறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடும். எங்கப்பா வீட்டுல கேட்டப்ப எப்படி இருந்தாருங்கறீங்க! வாசல்ல நின்னுகிட்டு, வாயைத் திறக்காம, கையில காகிதக் கட்டோட... அந்த ஆளு எங்க போனாரோ!"

"அதுக்காக ஆத்துப்பாலம் வரைக்குமா அனுப்பறது?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு. சும்மா நடன்னா நடப்பாரா? இப்ப சுகர் பாதியாக் குறைஞ்சிருக்கு."

மறுபடி சாவி கொடுக்கும் சத்தம். மறுபடி அந்தப் பெண் காத்திருந்தாள். அவர் வாயைத் திறக்காமல் கேட்டார். காகிதக் கட்டுதான் இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். எஃகைப் பற்றி ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

எதிர்வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் கீழே இறங்கித் தெருமுனைவரை போய், நன்றாக நேரம் கழித்து, படியெல்லாம் அதிரும்படி இருமிக்கொண்டு ஏறினார். பெட்டிமேல் துணி இருந்தது. துணிமேல் அகராதி இருந்தது. மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கிடைச்சுதாங்க?"

"ப்ச். எல்லாம் பிசிறு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தேன். ஒரு டப்பா முழுக்க."

"எதை வெச்சு?"

"எதை வெச்சுன்னா? பூதக்கண்ணாடி..."

அவள் கீரைக்கட்டைத் தள்ளிவைத்தாள். பூதக்கண்ணாடி மேசைமேல், அவர் காலையில் வைத்த இடத்திலேயே, ஜன்னல் வெளிச்சத்தை வாங்கிப் பளபளத்துக்கொண்டிருந்தது.

அவர் அதைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மலையடிவாரத்துல ஒரு கடை இருக்காம்" என்றாள் அவர் குடித்து முடித்ததும். "அடுத்த வாரம் போய்ப் பாருங்களேன்."

"ரொம்ப தூரமாச்சே?"

"ஆமா. சாயங்காலம் ஆயிடும், இல்ல?"

"ஆயிடும்" என்றார் அவர்.

அடுத்த சனிக்கிழமை சாப்பிட்டதும் பூதக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு, மலையடிவாரத்துக்குக் கிளம்பினார். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு முக்காலி போட்டிருந்தது. அதன்மேல் ஒரு சின்ன மெத்தையும் ஒரு விசிறியும் இருந்தன.