லாரி விற்ற வீட்டு வாசலில் ஒரு லாரி

மருவாதி மாமா என்று ஒருவர் இல்லாமல் போயிருந்தால், பரமத்தி வேலூரில் எங்கள் தெருக்காரர்களில் பாதிப் பேருக்கு மானம் மரியாதை என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. மீதிப் பேர் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

எனக்கு அவர் உறவு முறையில் மாமா இல்லை. தெருவில் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் அவர் மாமாதான், அந்தக் குழந்தையின் தாத்தாவுக்கும் மாமாதான். மரியாதையை எங்கள் பக்கம் மருவாதி என்போம். அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன அளவுக்கு நான் முருகா என்று சொல்லியிருந்தால், பழனியாண்டவரே மலையிறங்கி என் வீட்டுக்கு வந்திருப்பார்.

வெற்றிலை மண்டியில் கட்டு அடுக்குகிற வேலை அவருக்கு. ஆனால் பஸ்ஸில் தெரிந்த முகம் ஒன்று ஏறிவிட்டால் போதும், "கண்டக்டர் தம்பி, அவங்களுக்கு டிக்கெட் நம்முளுதுங்க" என்று குரல் கொடுத்துவிடுவார். ஒருமுறை கரூரிலிருந்து வரும்போது தெரிந்தவர்கள் கல்யாணக் கூட்டமாகவே ஏறிவிட்டார்கள். மாமா அத்தனை பேருக்கும் டிக்கெட் வாங்கினார். தனக்கு வாங்கச் சில்லறை போதவில்லை. பாலத்துக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டு, "காத்தாட நடந்தா ஒடம்புக்கு நல்லதுங்க" என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டபடி காவிரியை நடந்தே தாண்டி வந்தார்.

ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் தெருவே பதறும். டெய்லர் வீட்டுச் சுவர்க்கடிகாரம், மண்டிக்காரர் வீட்டு நாற்காலிகள், போஸ்ட்மேன் வீட்டு ரேடியோ எல்லாவற்றையும் மாமா தூக்கிக்கொண்டு போய் அந்த வீட்டில் வைத்துவிடுவார். ஒரு நாள் சங்ககிரியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் முதல் பெண்ணைப் பார்த்துவிட்டு, அதே தெருவில் இன்னொரு பெண்ணையும் பார்க்கக் கிளம்பினார்கள். அவர்கள் தெரு வழியாக நடக்க, மாமா கொல்லைப்புறச் சந்து வழியாகக் கடிகாரத்தையும் நாற்காலிகளையும் சுமந்துகொண்டு ஓடினார். இரண்டாவது வீட்டில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அந்த ஊட்டுக் கடியாரமும் இதே மாதிரி பிந்தித்தானுங்க ஓடுச்சு?"

மாமா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "எங்க தெருவுல எல்லாரும் ஒரே நேரந்தான் வெச்சுக்குவோமுங்க. ஒத்துமைங்க."

அந்தக் கல்யாணம் நடந்தது. இரண்டு பெண்களில் யாரோடு என்பது இப்போது வேண்டாம். இப்படிப்பட்ட மனிதர் கையில்தான் எங்கள் சுமதியின் படிப்பு போய் மாட்டிக்கொண்டது.

சுமதி என் மகள். சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில், விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் சேரும்போது எங்களுக்குச் சொந்தமாக ஒரு லாரி ஓடியது. என் வீட்டுக்காரரே ஓட்டினார். அதனால் சலுகை எதுவும் கேட்காமல் முழுப் பணமும் கட்டினோம். அந்த வருஷக் கடைசியில் தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்தது. சாமி புண்ணியத்தில் அவர் உயிர் பிழைத்தார், கால்தான் முறிந்துவிட்டது. லாரியைக் கிடைத்த விலைக்குத் தள்ளி, ஆஸ்பத்திரிக்கும் பைனான்ஸுக்கும் கொடுத்தோம். மிச்சம் இருந்தது ஒரு எருமை.

இரண்டாம் வருஷப் பணத்துக்கு எங்கே போவது? சலுகை கேட்கலாம் என்று நானும் சுமதியும் கல்லூரிக்குப் போனோம். ஆபீஸில் இருந்தவர் பழைய தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சொந்த லாரி இருக்குதுன்னு போன வருசம் நீங்களேதானே குடுத்திருக்கீங்க?" என்றார். நல்ல வேளையாக பிரின்சிபால் அம்மா கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். குடும்ப நிலைமை மாறிவிட்டது என்று மனு கொடுங்கள், தாலூகா ஆபீஸிலிருந்து வருவாய் ஆய்வாளர் ஆர்.ஐ. வீட்டுக்கு வந்து விசாரிப்பார், வருமானம் குறைந்தது உண்மை என்று அவர் எழுதிவிட்டால் கட்டணமும் குறையும், விடுதிக்கும் உதவி கிடைக்கும் என்றார்கள். பணம் கட்டுகிற கடைசி நாளுக்குள் அது வந்து சேராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம்.

மனு கொடுத்தோம். வியாழக்கிழமை ஆர்.ஐ. வருகிறார் என்று தகவல் வந்தது. நான் ஆற்றங்கரைப் பிள்ளையாரைச் சுற்ற ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து மாமா வந்து நின்றார்.

"என்ன அம்மணி, இந்தச் சுத்துச் சுத்தறே? பிள்ளையாருக்கே கிறுகிறுன்னு வரப்போவுது."

"ஆர்.ஐ. நம்ம ஊட்டுக்கு வாராருங்க மாமா. வருமானம் கொறைஞ்சு போச்சான்னு பாத்து எழுதோணுமுங்க."

நான் சொன்னதில் ஆர்.ஐ. வீட்டுக்கு வருகிறார் என்பது மட்டும்தான் அவர் காதில் ஏறியது. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"நீ ஒண்ணுக்கும் கவலப்படாதே சாமி. நானிருக்கறேன்."

வியாழக்கிழமை காலை காவிரியில் குளித்து, கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். என் வீடு எனக்கே அடையாளம் தெரியவில்லை. உள்ளே நாற்காலிகள். சுவரில் கடிகாரம். மேசை மேல் ரேடியோ. மேசையே எங்களுடையது இல்லை. பித்தளைக் குடங்கள் வரிசையாகப் பளபளக்கின்றன. இதெல்லாம் போகட்டும். வாசலில் ஒரு லாரி நிற்கிறது. முன்கண்ணாடிக்கு மேல் சாமந்தி மாலை.

"மாமா, இது யாருதுங்க?"

"என்ற அக்கா பையனுது. லோடு ஏத்தப் போனவனை நிறுத்திப் போட்டேன். லாரிக்காரரூட்டு வாசல்ல லாரி இல்லாட்டி என்ன மருவாதி?"

"ஐயோ, லாரிய வித்துப் போட்டோமுன்னுதானுங்க மனுவே குடுத்திருக்குது. இல்லைன்னு காட்டத்தானுங்க அவரையே வரச் சொன்னது."

"இல்லைன்னு நீ வாயில சொல்லு அம்மணி. ஊடு எதுக்குச் சொல்லோணும்?"

வீட்டுக்காரரைத் தேடினேன். கட்டிலையும் காணோம்.

"மாட்டுச் சாலையில படுக்க வெச்சிருக்கறேன்" என்றார் மாமா. "கால்ல மாவுக்கட்டோட ஆபீசர் முன்னால நீட்டிக்கிட்டுக் கெடந்தா நல்லாவா இருக்குது?"

தொழுவத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். எருமைக்குப் பக்கத்தில் கட்டில். அவர் என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தார். "காத்து நல்லாத்தான் வருது. எருமைதான் என்னைய யாருன்னு கேக்குது."

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் உள்ளே வருவதற்குள் ஆர்.ஐ. சைக்கிளில் வந்துவிட்டார். இறங்கி, லாரியைப் பார்த்தார். பையிலிருந்து மனுவை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் லாரியைப் பார்த்தார். அதற்குள் மாமா பாய்ந்து போய் சைக்கிளை வாங்கிக்கொண்டார்.

"வாங்க, வாங்க. மொதல்ல கை கழுவுங்க. வேலை எங்கீங்க போயிருது?"

அடுப்பில் நாட்டுக்கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கோழியும் மாமா கொண்டுவந்ததுதான். வெயிலில் வந்த மனிதரைச் சாப்பிடச் சொல்லாமல் பேச்சை ஆரம்பிக்க எனக்கும் வாய் வரவில்லை. எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. இலை போட்டேன். அவர் சாப்பிட்டபடியே விசாரணையைத் தொடங்கினார். கேள்வி என்னிடம் வந்தது, பதில் மாமாவிடமிருந்து போனது.

"வருமானமெல்லாம் இப்ப எப்படிங்க?"

"ஆண்டவன் புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க."

"வாசல்ல நிக்கற லாரி?"

"நிக்குதுங்க. ஜம்முனு நிக்குது."

"ஊட்டுக்காரர் எங்கீங்க?"

"லோடு ஏத்திக்கிட்டு பெங்களூர் போயிருக்காருங்க."

ஆர்.ஐ. வாயருகே கொண்டுபோன கோழிக்காலை நிறுத்தினார். "லாரி இங்க நிக்குது. அவரு எதுலீங்க லோடு ஏத்திக்கிட்டுப் போனாரு?"

மாமா மேலே உத்தரத்தைப் பார்த்தார். அந்தச் சமயத்தில் மாட்டுச் சாலையிலிருந்து பெரிய தும்மல் ஒன்று கேட்டது.

"எருமைக்குச் சளிங்க" என்றார் மாமா.

நான் வாயைத் திறந்தேன். "ஐயா, நான் சொல்றனுங்க..."

"அம்மணி, அவருக்கு ரசம் ஊத்து" என்று மாமா என்னை அடக்கிவிட்டார்.

ஆர்.ஐ. கை கழுவிவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார். பேனாவைத் திறந்தார். "கோவிச்சுக்காதீங்க அம்மா. சாப்பாடு அருமை. ஆனா நான் கண்ணுல பாத்ததைத்தானுங்க எழுத முடியும். வசதியான குடும்பம், உதவி தேவையில்லை. இதைத்தான் எழுதோணும்."

சுமதி மோர்ச் சொம்போடு வந்து நின்றிருந்தாள். அவள் அழவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, ஹாஸ்டல்ல என்ற பெட்டி இருக்குது. யாராச்சும் போயி எடுத்துட்டு வந்துருங்க. நான் போனா எல்லாரும் ஏன்னு கேப்பாங்க."

அதைக் கேட்ட மாமாவின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அவ்வளவு நேரம் குதித்துக்கொண்டிருந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். அவர் யார் முன்னாலும் அப்படிச் செய்து நாங்கள் பார்த்ததில்லை.

"சார், பேனாவை மூடுங்க. இந்த ஊட்டுல ஒண்ணும் இல்லீங்க."

ஒன்றும் இல்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

ஆர்.ஐ. நம்பவில்லை. மாமா தெருவுக்கு ஓடினார். "ஏனுங்க, அவங்கவங்க சாமானை வந்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்று கத்தினார். எப்போது கூப்பிடுவார் என்று காத்திருந்த மாதிரி தெருவே உள்ளே புகுந்தது. டெய்லர் கடிகாரத்தைக் கழற்றினார். போஸ்ட்மேன் மனைவி ரேடியோவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். குடங்கள் போயின, மேசை போயிற்று. "சித்த எந்திரிங்க" என்று சொல்லி, ஆர்.ஐ. உட்கார்ந்திருந்த நாற்காலியையும் மண்டிக்காரர் உருவிக்கொண்டார். வாசலில் லாரி புறப்பட்டுப் போன சத்தம் கேட்டது. கடைசியில் மாட்டுச் சாலையிலிருந்து நாலு பேர் கட்டிலைத் தூக்கி வந்து நடுவீட்டில் வைத்தார்கள். கட்டில் மேல் மாவுக்கட்டோடு என் வீட்டுக்காரர்.

"வணக்கமுங்க" என்றார் அவர். "பெங்களூர்ல இருந்து இப்பத்தான் வாரேன்."

வெறும் வீட்டின் நடுவில் ஆர்.ஐ. நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். அப்புறம் மாமாவிடம் கேட்டார்.

"எதுக்குங்க இதெல்லாம் பண்ணுனீங்க?"

"நம்ம புள்ளைங்க. அது ஊட்டை யாரும் எளக்காரமாப் பாத்துறக் கூடாதுங்க. வேற ஒண்ணும் இல்லீங்க."

ஆர்.ஐ. திண்டாடிப் போனார். சிரிப்பையும் அடக்க முடியவில்லை, கண்ணையும் துடைத்துக்கொண்டார். "எத்தனையோ ஊட்டுக்கு விசாரணைக்குப் போயிருக்கறேன். இருக்கறதை ஒளிச்சு வெக்கறவங்களைத்தான் பாத்திருக்கறேன். இல்லாததைக் கொண்டாந்து வெச்சவரை இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்." நின்றபடியே, சுவரில் தாளை வைத்து, உள்ளதை உள்ளபடி எழுதினார்.

எல்லாச் சாமானும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. கோழியை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அது மாமா வீட்டு அத்தை ஆசையாக வளர்த்த முட்டைக்கோழி என்று சாயங்காலம் தெருவுக்கே தெரிந்தது. அத்தை பேசிய பேச்சில் மருவாதி என்ற வார்த்தை ஒன்றுகூட இல்லை.

கடைசி நாளுக்குள் கல்லூரிக்குத் தாள் போய்ச் சேர்ந்தது. கட்டணம் குறைந்தது, விடுதிக்கும் உதவி வந்தது. சுமதி படித்து முடித்தாள். இப்போது ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

மாமா வயதாகி, திருப்பூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். நான் சனிக்கிழமை தோறும் நாமக்கல் ஆஞ்சநேயருக்கு அர்ச்சனை செய்கிறேன். குடும்பத்தார் பெயர்களைச் சொல்லி முடித்ததும் அவருக்கும் ஒன்று செய்யச் சொல்லுவேன். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. அத்தையைக் கேட்கலாம் என்றால், புருஷன் பெயரை அவர் வாயால் சொல்ல மாட்டார். அதனால் முதல் தடவை, "மருவாதி மாமான்னே சொல்லுங்க சாமி" என்றேன். நட்சத்திரம் கேட்டு, அதுவும் தெரியாது என்றதும் அர்ச்சகர் சிரித்துவிட்டார். பிறகு யார் அவர் என்று கேட்டார், நான் சொன்னேன்.

இப்போதெல்லாம் நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே, எங்கள் வீட்டுப் பெயர்களுக்கெல்லாம் முதலில் அந்தப் பெயரைத்தான் அவர் சாமியிடம் சொல்லுகிறார்.