ஆளுயர அலமாரிக்குச் சாயம் போட்ட கதை

நான் ஃபெயில் என்று எழுதித் திருப்பி அனுப்பிய துணிகளை வரிசையாக விரித்தால் திருப்பூரிலிருந்து மூலனூர் வரை போகும். என் வீட்டுச் சமையலறை அலமாரிக்கு மட்டும், தேய்த்துக்கூடப் பார்க்காமல் பாஸ் போட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒரு சாயப்பட்டறை லேபில் எனக்கு ஷேடு, அதாவது நிறம் சரியா என்று, பார்க்கும் வேலை. சாயத்துணியை வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்ப்போம். வெள்ளையில் நிறம் ஒட்டினால் ஃபெயில். அதுதான் ரப்பிங் டெஸ்ட். (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

அந்த ஆளுயர அலமாரி, மாமனார் மூலனூர்த் தோட்டத்துத் தேக்கை அறுத்துச் செய்துகொடுத்தது. நாலு வருஷத்தில் பாலிஷ் போய்த் திட்டுத்திட்டாக வெளுத்துவிட்டது. பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகும் வழியில் வீட்டுக்கு வருவதாக மாமனார் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது என்பது அவருடைய நெடுநாள் அபிப்பிராயம். அதை மாற்றியே தீருவது என்று இறங்கினேன்.

"ஏனுங்க, ஆசாரியக் கூப்புடலாமுங்க," என்றாள் மனைவி சுமதி.

"எக்ஸ்போர்ட்டுக்கே ஷேடு குடுக்கறவன் நான். இதுக்குப் போயி ஆசாரியா?"

லேபில் மிஞ்சிய பனியன் சாயங்களைக் கொண்டுவந்தேன். பருத்தியும் செடியில் வருவது, தேக்கும் ஒரு காலத்தில் செடிதான். சாயம் பிடிக்காமல் எங்கே போகும்? மஞ்சள், சிவப்பு, துளி கறுப்பு கலந்து வெளுத்த இடமெல்லாம் ஒற்றினேன். வெயிலில் பார்த்தேன், டியூப்லைட்டில் பார்த்தேன், குண்டு பல்பில் பார்த்தேன். மூன்றிலும் அச்சு அசல் தேக்கு. மேலே வார்னிஷ் அடிக்கவில்லை. அடித்தால் ஷேடு மாறிவிடும் அல்லவா?

மறுநாள் மாமனார் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சித்திரை வெயிலில் முதுகு முழுக்க நனைந்திருந்தது. நேராகச் சமையலறைக்குப் போய் அலமாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆருங் மாப்பிள்ளை, ஆசாரி? நல்ல கைவேலைக்காரனாட்ட இருக்குது."

"நாந்தானுங்க மாமா."

"பரவால்லீங்களே," என்று மனசாரச் சொல்லிவிட்டு, அந்தக் கதவிலேயே சாய்ந்து காபி குடித்தார். என் இல்லற வாழ்க்கையின் மிகச் சிறந்த ஐந்து நிமிடங்கள் அவை.

டம்ளரை வைக்கத் திரும்பினார். நான் ஒற்றிய திட்டுகள் ஒன்று விடாமல் அவர் முதுகில் இருந்தன.

"அப்பா, அப்பிடியே நில்லுங்க," என்றாள் சுமதி.

"ரப்பிங் ஃபெயில்," என்று பழக்கதோஷத்தில் என் வாய் சொல்லிவிட்டது.

"என்னங் மாப்பிள்ளை?"

"சாயம் ஒட்டிருச்சுங்க மாமா. வெள்ளைத் துணியில பத்துத் தடவ தேச்சுப் பாத்திருக்கோணும்."

"அதுக்கு என்ற சட்டைதான் கெடச்சுதுங்களா?"

அன்று நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டுச் சார்பாகத் தாம்பூலம் மாற்ற வேண்டியவரே அவர்தான். வேறு வழியில்லாமல் என் சட்டையில் போனார். அவர் ஆறடி, நான் அவர் தோளுக்கு வருவேன். நெஞ்சுப் பொத்தான்கள் சேரவில்லை. நெஞ்சை மறைத்த துண்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தாம்பூலத் தட்டை மறு கையால் வாங்கியதில் கல்யாண மாப்பிள்ளை வீட்டாருக்குச் சின்ன மனவருத்தமாம்.

மறுவாரம் ஆசாரி வந்து எல்லாவற்றையும் சுரண்டி பாலிஷ் போட்டார். ஆனாலும் மாமனார் எங்கள் வீட்டில் எதன்மேலும் சும்மா சாய்வதில்லை. துண்டு முனையால் பத்துத் தடவை தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பாஸுங்க மாப்பிள்ளை" என்ற பிறகுதான் சாய்வார்.

போன வருஷம் முதன்முதலாகத் தலைக்கு டை அடித்துக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில், இந்தக் கதை தெரிந்த அத்தனை சொந்தக்காரர் முன்னாலும், மாமனார் துண்டு முனையை விரலில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"தலையக் கொஞ்சம் குனியுங்க மாப்பிள்ளை."

குனிந்தேன். பந்தி முழுக்கச் சேர்ந்து பத்து வரை எண்ணியது.