சங்கிலியார் கை நனைத்த நாள்

தஞ்சாவூர் ஜில்லாவில் முப்பது வருடம் நிலம் அளந்துவிட்டு, ஒருவர் வீட்டில்கூட ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காத ஒரே சர்வேயர் எங்கள் சங்கிலியார்தான். அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டபடியே திரிந்ததால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கு ஞாபகம் இருந்திருக்கலாம்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்து, மிராசுதார்களும் விவசாயச் சங்கமும் முறைத்துக்கொண்டிருந்த காலம். மிராசுதார் வீட்டில் காப்பி குடித்தால் சங்கம் கொடி பிடிக்கும். குடிசையில் நீராகாரம் குடித்தால் மிராசுதார் கலெக்டருக்கு மனுப் போடுவார். அதனால் சங்கிலியார் வயலுக்குத் தன் வீட்டுத் தண்ணீரையே கூஜாவில் கொண்டுபோவார். இதுவரை நியாயம். ஆனால் உதவியாளனான நான் நீட்டிய கடலைமிட்டாயைக்கூட அவர் தொட்டதில்லை.

"உனக்குத் திருவிடைமருதூர் பக்கம் அரை மா நிலம் இருக்குல்ல? ஒரு நாள் அது தகராறுக்கு வரும்."

"வராதுங்க சார். பக்கத்து வயல் எங்க பெரியப்பாவோடதுதான்."

"அப்ப கண்டிப்பா வரும்."

அடுத்த வருடமே வந்தது. அவரே வந்து அளந்து, எல்லைக் கல்லை என் வயலுக்குள் தள்ளி நட்டார்.

அவர் ஓய்வு பெற்ற அன்றாவது என்னோடு ஒரு வேளை சாப்பிட வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். இத்தனை வருடம் பக்கத்து நாற்காலி, சேர்ந்து ஒரு டீ கிடையாது என்பது உள்ளூர வலித்தது. ஸ்டேஷன் பக்கம் புதிதாக ஓர் ஏசி ஹோட்டல் வந்திருந்தது. பார்த்தால் வெள்ளைக்காரர் கிளப், விலை மட்டும் நம் சம்பளத்துக்கு அடங்கும். ஆட்டுத் தொடைக்கறியை வாட்டி, புகையும் இரும்புத் தட்டில், கத்தி முள்கரண்டியோடு வைப்பார்கள்.

சங்கிலியார் வந்தார், தோளில் சங்கிலியோடு. அவர் இடத்துக்கு நான்தான் வருகிறேன். ஆனால் மறுநாள் காலையில்தான் பொறுப்பேற்பு, அதுவரை சங்கிலி அவருடையதாம். உட்கார்ந்ததும் கூஜாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கெட்ட நேரம், வலப்பக்க மேஜையில் அளவு முடியாத வழக்கு ஒன்றின் மிராசுதார். இடப்பக்கத்தில் அதே வழக்கின் சங்கச் செயலாளர். சங்கிலியார் எழுந்து, சங்கிலியை விரித்து அளந்து, எங்கள் மேஜையை இருவருக்கும் சரிநடுவில் நகர்த்தச் சொன்னார். சர்வர் நகர்த்தினார். மிராசுதார் ஐஸ்கிரீம் அனுப்பினார். செயலாளர் விடுவாரா, ஆம்லெட் அனுப்பினார். இரண்டும் திரும்பிப் போயின. எங்கள் கறி ஆறிக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், சங்கிலிய இப்பவே என்கிட்ட குடுத்துடுங்க."

"வாங்கிக்கிட்டா உன் சாப்பாடு போச்சு. தெரியுமில்ல?"

"தெரியும் சார். குடுங்க."

இறக்கி என் மடியில் வைத்தார். கனமாகத்தான் இருந்தது. பிறகு என் தட்டை இழுத்துக்கொண்டார். கறியின் நான்கு எல்லைகளையும் கத்தியால் சரிபார்த்து, ஒரு துண்டை வாயில் போட்டார். "உப்பு கம்மி" என்றார். ஐஸ்கிரீமையும் ஆம்லெட்டையும் திரும்ப வரவழைத்தார். பின்னாலேயே மிராசுதாரும் செயலாளரும் நாற்காலிகளோடு வந்துவிட்டார்கள். மூவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டதை நான் பட்டினியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியது. ஆறிப்போன தட்டின் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

மிராசுதார் எனக்கும் ஒரு தட்டு சொல்லப் போனார். "வேணாங்க, அளவு பாக்கியிருக்கு" என்றேன். சங்கிலியார் தலை நிமிராமல் மென்றுகொண்டிருந்தார். ஆனால் சிரித்தார்.

அதற்குப் பிறகு சர்வீஸ் முழுக்க நான் எவர் வீட்டிலும் கை நனைத்ததில்லை. சங்கிலியார் வீட்டில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட்டேன். ஜில்லா முழுக்க அளந்த அந்த மனிதருக்கு, தகராறுக்கு வர ஒரு குழி நிலம்கூடக் கிடையாது.