ஏலம் மிஸ்ஸும் தாழ்ப்பாள் இல்லாத கதவும்

உலகத்தில் ஏலம் போட முடியாத பொருள் என்று ஒன்று இருந்தால், அது எங்கள் ஏலம் மிஸ்ஸின் கண்ணில் படாத பொருளாகத்தான் இருக்கும்.

செல்போனில் பாம்பு விளையாட்டு மட்டுமே இருந்த காலம். காரைக்காலில் நான் எட்டாம் வகுப்புப் படித்த பெண்கள் பள்ளியில், சாயங்கால மணி அடித்த பிறகு 'தன்னம்பிக்கை வகுப்பு' எடுக்க வந்தவர் அவர். பகல் முழுக்க "வாயை மூடு" என்று அடக்கி வைத்துவிட்டு, நாலரை மணிக்கு மேல் வாயைத் திறக்கக் கற்றுத்தரும் அருமையான ஏற்பாடு அது.

மிஸ்ஸுக்குச் சொந்த ஊர் பக்கத்து மீனவ கிராமமான கிளிஞ்சல்மேடு. அப்பா கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவர். மிஸ் எம்.ஏ., பி.எட். படித்தும் அப்பாவின் தொழிலை விடவில்லை. மீனை மட்டும் விட்டுவிட்டார். புடவைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில்.

"கூட்டத்துக்கு நடுவுல நின்னு ஒருத்தி ஏலம் கூறிட்டான்னா, அப்பறம் அவ எதுக்குடி பயப்படப் போறா?" என்பார். அந்த நேரம் பார்த்துச் சுவரில் பல்லி தெரிந்தால் பெஞ்சுமேல் ஏறி நின்றுகொள்வார். நாங்கள் விரட்டிய பிறகு இறங்கி, தைரியத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

வீட்டிலிருந்து ஆளுக்கொரு ஓட்டை உடைசலைக் கொண்டுவந்து ஏலம் கூற வேண்டும். விலை ரூபாயில் இல்லை, கிளிஞ்சலில். ஒரே ஒரு விதிதான், அவர் அப்பாவின் விதி.

"பொருளோட குறைய மொதல்ல சொல்லிடணும். அதையும் சத்தமாச் சொல்லணும். கெட்ட மீன மூடி வச்சுக் கூறுனா மறுநாளு எவன் வருவான்?"

எனக்கு அப்போது குரல் என்ற ஒன்றே கிடையாது. கம்பி போன குடை ஒன்றை வைத்துக்கொண்டு முதல் நாள் நான் முணுமுணுத்தபோது மிஸ் கேட்டார்: "யாருக்குடி கூறுற? கொடைக்கேவா?"

கோபத்தில் வீட்டில் போய்ப் பயிற்சி எடுத்தேன். தலத்தெருவில் இருந்த எங்கள் வீட்டில் அம்மா புலம்பித் தீர்த்தாள். "நாலு பாட்டு கத்துக்குடுப்பாங்கன்னு அனுப்புனா, இது இட்லிச் சட்டிய ஏலம் விடுதுங்க." அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "எவ்வளவுக்குப் போச்சாம்?" என்றார்.

இதற்கிடையில் எங்களுக்கு இருந்த உண்மையான கஷ்டம் ஒரு கதவு. பள்ளிக் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கிறவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் உள்ளே இருப்பவள் மானம் போயிற்று. அதற்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத பெண்கள் பாதிப்பேர். தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னால், "கைதான் இருக்குல்ல, புடிச்சுக்கங்க" என்பார்.

அந்தத் தலைமையாசிரியைதான், வகுப்பைப் பார்வையிட அதிகாரி வருகிறார் என்றதும் ஒரு வரவேற்புரை எழுதி என்னை உருப்போடச் சொன்னார். என் திறமைக்காக அல்ல. எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டேன் என்ற நற்பெயருக்காக.

மேடையேறினேன். "கல்விக் கடலே!" என்றேன். அத்தோடு கடல் வற்றிவிட்டது. அடுத்த வரி எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். மண்டபத்து ஓரத்திலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: "கூறுடி!"

வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒரு கதவு! நம்ம பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் கதவு! தாப்பா கெடையாது! ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய புடிக்கணும்! தண்ணி குடிக்காமயே கெடக்குற புள்ளைங்க இருக்கு! கேக்குறவங்க கேளுங்க!"

"ரெண்டு கிளிஞ்சல்!" என்றது பின்வரிசை. "அஞ்சு!" "பத்து!" என்று மண்டபமே கடற்கரையாகிவிட்டது. அதிகாரி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா, வெட்கப்பட்டாரா தெரியாது.

"இதுக்குத்தான் தன்னம்பிக்கை வகுப்பா?" என்று தலைமையாசிரியை சீறினார்.

மிஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். ஏறி நிற்கப் பக்கத்தில் பெஞ்சு இல்லை. "இதுக்குத்தாங்க மேடம்" என்றார்.

அடுத்த வாரம் தாழ்ப்பாள் வந்தது. மிஸ்ஸின் வகுப்பு போனது. பள்ளிக்கு வேண்டியிருந்தது மேடைத் தன்னம்பிக்கை. மாறுவேடப் போட்டிக் கிரீடம் மாதிரி, கீழே இறங்கியதும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் தலையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதுதான் தப்பு.

கடைசி நாள் கூறுவதற்கு நாங்கள் யாரும் எதுவும் கொண்டுவரவில்லை. மிஸ்தான் முன்னால் போய் நின்றார்.

"ஒரு மிஸ்ஸு! ஷூ கிழிஞ்ச மிஸ்ஸு! பல்லியப் பாத்தா பெஞ்சுல ஏறுற மிஸ்ஸு! எந்தப் பள்ளிக்கூடத்துலயும் நெலச்சு நிக்காத மிஸ்ஸு! கேக்குறவங்க கேளுங்க!"

யாரும் விலை சொல்லவில்லை. ஒவ்வொருத்தியாக எழுந்து போய், சேர்த்து வைத்திருந்த கிளிஞ்சல் அத்தனையையும் மேசையில் கொட்டினோம். நான் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மணலையும் சேர்த்துக் கொட்டினேன்.

"ஒருதரம்" என்றார். "ரெண்டுதரம்" என்றார். அத்தனை பெரிய குரலுக்கு அதற்கு மேல் வரவில்லை. விசிலை வாயில் வைத்தார், அதுவும் ஊதவில்லை.

மூன்றாம் தரத்தை மிஸ் இன்றுவரை சொல்லவில்லை. என்னைக் கேட்டால் அந்த ஏலம் இன்னும் முடியவில்லை. நாங்கள் கொட்டியதற்கு மேல் கொடுக்க வேறு யாரும் வரவும் இல்லை. அதனால் அவர் எங்கள் மிஸ்தான்.