கலர் ஏறாத பூநாரை

என் மனைவி சூடாமணிக்குத் தெரியாத விஷயம் ஒன்றையாவது தெரிந்துகொண்டே தீருவது என்று முடிவு செய்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இதுவரை அப்படி ஒன்று அகப்படவில்லை. ராகமா? நான் தலையாட்ட ஆரம்பிப்பதற்குள் பெயரைச் சொல்லிவிடுவாள். குறுக்கெழுத்தா? நான் பேனாவைத் தேடுவதற்குள் முடித்துவிடுவாள். என் ஆபீஸ் ரகசியங்களே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆகவே பறவைகளைப் பிடித்தேன். கையால் அல்ல, புத்தகத்தில். ஒரு மாதம், ஆபீஸ் ஃபைலுக்குள் ஒளித்து வைத்துப் படித்தேன். ஐப்பசியில் அடையாறு முகத்துவாரத்துக்கு வெளிதேசத்துப் பறவைகள் வரும் என்று போட்டிருந்தது. மந்தைவெளியிலிருந்து ஸ்கூட்டரில் பத்தே நிமிஷம்!

1995, ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி. பட்டினப்பாக்கம் தாண்டிச் சேற்றில் இறங்கினோம். என் கழுத்தில் இரவல் பைனாகுலர். சூடாமணி மடிசாரை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமர்த்தாகப் பின்னால் வந்தாள்.

"ஏன்னா, அதோ சிவப்புக் காலோட நிக்கறதே, அது என்ன?"

"பூநாரை."

"பூநாரை உடம்பெல்லாம் ரோஸா இருக்கும்பாளே?"

"இது குட்டி. இப்போதைக்குக் காலுக்கு மட்டும்தான் கலர் ஏறியிருக்கு."

"மீதி எப்போ ஏறும்?"

"தை பொறக்கணும்."

"அப்படியா!" என்று கண்களை அகல விரித்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் 'அப்படியா'. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"அது என்ன, வெள்ளையா? இறக்கையே அடிக்காம பறக்கறதே!"

"ரொம்ப அபூர்வம். சைபீரியாவிலேர்ந்து வர்றது. அங்கேர்ந்து அடிச்சு அடிச்சு இறக்கை அலுத்துப் போயிருக்கும்."

அந்த அபூர்வம் ஒரு முள்செடியில் போய் மாட்டிக்கொண்டு படபடத்தது. அதன் வயிற்றில் பாண்டி பஜார் ஜவுளிக்கடை ஒன்றின் பெயர் அச்சடித்திருந்தது. சூடாமணி சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கரையிலிருந்து ஒரு குரல்.

"மாமி! சலாம்! இன்னா, இன்னிக்கு லேட்டு?"

தொப்பி, டெலஸ்கோப், நோட்டுப் புத்தகம் சகிதம் ஒருவர். பின்னால் நாலைந்து பேர். அத்தனை பேரும் என் மனைவிக்கு வணக்கம் சொன்னார்கள்.

"வாங்கோ இனாயத்" என்றாள் இவள், நம் வீட்டுக் கூடத்தில் நிற்பது போல.

"போன சனிக்கெழமை நீங்க சொன்னதுதான் கரெக்டு மாமி. புக்கைப் பாத்துட்டேன். அது உள்ளான்தான்."

"எவன் உள்ளான்?" என்றேன் நான். அது ஒரு பறவையின் பெயர் என்று எனக்கு உறைக்கவில்லை. நான் ஏதோ சிலேடை சொன்னதாக நினைத்து எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனாயத் அந்தப் பறவைக்காரர்களின் தலைவராம். நாலு வருஷமாக இவள் சனிக்கிழமை தவறாமல் இங்கே வருகிறாளாம். இருநூற்றுப் பத்துப் பறவைகளை அடையாளம் சொல்வாளாம்!

அவளைத் தனியே இழுத்துப் போனேன்.

"சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குன்னா போறேன்னு சொல்லுவே?"

"கோயிலுக்கும் போவேன்."

"மயிலாப்பூர்ப் பெருமாளுக்குப் பட்டினப்பாக்கம் வழியாவா?"

"மேலே பாருங்கோ." தலைக்கு மேல் செம்மண் நிறத்தில் ஒரு பருந்து வட்டமிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முதல்ல கருடனைச் சேவிச்சுட்டு, அப்புறம்தானே பெருமாளைச் சேவிக்கணும்?"

ஸ்ரீரங்கத்துப் பட்டாச்சாரியாரைக் கேட்டாலும் அவள் பக்கம்தான் பேசுவார்.

"அப்போ நான் சொன்ன பூநாரை?"

"நெடுங்கால் உள்ளான். நீங்க ஆசையா சொல்றேள். நடுவிலே புகுந்து கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

திரும்பி வந்தபோது இனாயத் கேட்டார்: "இது யாரு மாமி? உங்க ஊட்டுக்காரரா? சாருக்கும் இதுல இன்ட்ரஸ்டா?"

மானம் என்று ஒன்று இருக்கிறதே! நெஞ்சை நிமிர்த்தினேன்.

"இன்ட்ரஸ்டாவா? அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்!"

சூடாமணி மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. அதுதான் இரண்டாவது அதிர்ச்சி.

"ஆமாம், இவர்தான் என் குரு" என்றாள் பவ்யமாக. "இன்னிக்குக் குழந்தைகளுக்கு நான் பேசறதா இருந்தது. குரு வந்திருக்கச்சே சிஷ்யை பேசினா நன்னாருக்காது."

"எந்தக் குழந்தைகள்?"

ரோட்டில் ஒரு பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. முப்பது குழந்தைகள். முப்பது நோட்டு. முப்பது பென்சில். இனாயத் என் கையைப் பிடித்துக் குலுக்கி அவர்கள் நடுவே நிறுத்தினார். சூடாமணி என் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றிக்கொண்டு ஒரு பாறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆற்றைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

தொண்டையைக் கனைத்தேன். முன்வரிசையில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள். நோட்டு அட்டையில் ஷ்ரேயா என்று பெயர்.

"அங்கிள், அதோ சேத்துல குடுகுடுன்னு ஓடுதே, அது என்ன?"

பார்த்தேன். சாம்பலாக இருந்தது. ஓடியது. ஒரு மாதம் படித்ததெல்லாம் அதைவிட வேகமாக ஓடிவிட்டது.

"அது..." என்றேன். "அது வந்து... ஒரு பறவை."

இருபத்தொன்பது குழந்தைகள் எழுதிக்கொண்டார்கள். ஷ்ரேயா மட்டும் எழுதவில்லை.

கேள்வி கேட்டவளுக்கு வயது ஏழு. பதிலையும் அவளேதான் சொன்னாள்.